பூமி தாழ்வது யார் செயல்?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நிலத்தடி நீர். கிணறு வற்றினால் தலைவிதி என்றும், பூமி வெடித்தால் தெய்வ கோபம் என்றும் சொல்லிவிடுவது மனிதர் வழக்கம். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும் வரை உண்மையான காரணஸ்தன் தப்பித்துக்கொண்டேயிருப்பான் என்பதே நமது அபிப்பிராயம்.

அமெரிக்காவில் அரிஜோனா என்றொரு மாகாணம் இருக்கிறது. அதன் தென்பாகம் பெரிதும் பாலைவனம். மலைகளுக்கு நடுவே கிண்ணங்கள்போல் பள்ளத்தாக்குகள். அவற்றில் வெகு ஆழத்துக்கு மணலும் களிமண்ணும் படிந்து, அதற்குள் வெகுகாலத்து நீர் தங்கியிருந்தது. சென்ற நூற்றாண்டில் பம்புகள் வந்தன. பருத்திக்கும், மாட்டுத் தீவனத்துக்கும், நகரங்களுக்கும் ஊறுவதைவிட அதிகமாக இறைத்தார்கள். சில இடங்களில் நீர்மட்டம் 300 அடிக்கு மேல் இறங்கிற்று.

பிறகு நிலமே இறங்கிற்று. 1927-ல் பிக்காச்சோ அருகில் பூமியில் நீண்ட வெடிப்பு காணப்பட்டது. ஈலாய் ஊர்ப்பக்கம் 1985-க்குள் 15 அடிக்கு மேல் தாழ்ந்தது. லூக் விமானப்படைத் தளத்தருகே 1992-க்குள் சுமார் 18 அடி. அவ்வருஷம் செப்டம்பர் மழையில், வெள்ளம் வடிய வெட்டிய வாய்க்கால் வாட்டம் கெட்டுப்போனதால் வழிந்து, விமான ஓடுபாதைகளிலும் வீடுகளிலும் புகுந்தது.

இது எந்தத் தேவதையின் சாபம்? ஒரு சாபமுமில்லை. களிமண் துகள்களுக்கிடையே நிற்கும் நீர், மேலுள்ள பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. நீரை எடுத்துவிட்டால் முழுப் பாரமும் துகள்கள் மேல் விழுந்து அவை அமுங்குகின்றன. அப்படி அமுங்கியது பெரும்பாலும் பழையபடி விரிவதில்லை. நீர் போனதோடு நீர் இருந்த இடமும் போயிற்று. எந்த ஜபத்துக்கும் அது திரும்பி வராது.

இதை எப்படி அறிந்தார்கள்? ஞானதிருஷ்டியாலல்ல. கிணற்றில் நாடா விட்டு நீர்மட்டத்தை அளந்தார்கள். ஆழத்தில் ஊன்றிய குழாயின் தலைக்கும் தரைக்குமுள்ள வித்தியாசத்தைக் குறித்தார்கள். 2002 முதல் மாகாண நீர்வள இலாகா, செயற்கைக்கோள் ரேடாரால் ஒரே இடத்தைப் பலமுறை பார்த்து ஒப்பிட்டு, ஓர் அங்குலத் தாழ்வையும் படமாக்கி வெளியிடுகிறது. சந்தேகமுள்ளவன் தானே அளந்து பார்க்கலாம்.

ஆனால் அளந்தால் மட்டும் போதுமா? 1980-ல் சட்டம் செய்து நான்கு பகுதிகளில் இறைப்பைக் கட்டுப்படுத்தினார்கள். மற்றப் பெரும்பாகத்தில், ஆழமாகத் தோண்டப் பணமுள்ளவன் இஷ்டம்போல் இறைத்தான். ஆழமில்லாத வீட்டுக் கிணறுகள் வற்றின. கட்டுப்பாடில்லாத கணக்கு பஞ்சாங்கம் படித்த கதைதான். "என் நிலம், என் பம்பு, கேட்க நீ யார்?" என்பது பணக்காரர் வாதம். மேலே வேலி போடலாம். கீழே ஓடும் நீருக்கு வேலி ஏது?

2022 நவம்பரில் டக்ளஸ் பள்ளத்தாக்கு மக்கள், தங்கள் பகுதிக்கும் கட்டுப்பாடு வேண்டுமென்று தாங்களே ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். பக்கத்து வில்காக்ஸ் மக்கள் அதே தேர்தலில் வேண்டாமென்றார்கள். பிறகு மாகாண இலாகாவே அங்கும் கட்டுப்பாட்டைக் கொண்டுவர நேர்ந்தது.

ஆகவே தோழர்களே! மனிதன் செய்த கேட்டை மனிதனே நிறுத்தக்கூடும். முதலில் கணக்கைக் கேளுங்கள். கணக்கைத் தெரிந்துகொண்டபின், யார் எவ்வளவு எடுக்கலாம் என்ற நியாயத்தைக் கேளுங்கள். விதியைக் கேட்பதால் ஒரு குடம் நீரும் மிஞ்சாது.