மசக்கை மாதத்திலேயே போட வேண்டிய கணக்கு

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்த மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

அக்காக்கள் நிறைய பேர் கைக்குழந்தையோட வந்திருக்கீங்க. குழந்தை அழுதா எழுந்து வெளியே போய்ட்டு வாங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன். இன்னைக்குப் பேசப்போறதே உங்களைப் பற்றித்தான்.

முதல்ல எங்க வீட்டுக் கதை ஒன்று. எங்க அக்காவைப் பெரம்பலூரில் கட்டிக் கொடுத்திருக்கோம். அங்கே நாலு பேர் வேலை செய்யும் ஒரு தையல் கடையில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். தைத்தால் கூலி, தைக்காத நாளுக்கு எதுவும் இல்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, செந்துறை பக்கம் எங்க அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் சம்பளம் அன்றோடு நின்றது. அரசு தரும் மகப்பேறு உதவியின் முதல் தவணை 6,000 ரூபாய் வரவேண்டியது வரவே இல்லை என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். செலவுக்கு இல்லாமல் அவளுடைய இரண்டு பவுன் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது.

பல மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. பணம் எப்போதோ வந்திருக்கிறது. கல்லூரியில் உதவித்தொகைக்காகத் தொடங்கி, பிறகு மறந்தே போன ஒரு பழைய வங்கிக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. அவளுடைய ஆதார் அந்தக் கணக்கோடுதான் இணைந்திருந்தது. அந்தக் கணக்குக்குக் கொடுத்திருந்த செல்போன் எண்ணும் இப்போது இல்லை. அதனால் குறுஞ்செய்தியும் வரவில்லை. சொந்தப் பணம் ஒரு வங்கியில் தூங்குது, சங்கிலி அடகுக்கடையில் வட்டிக்கு இருக்குது. இதைத்தான் இன்னைக்குப் பேச வந்தேன்.

மகப்பேறு காலத்தில் வீட்டுப் பணம் ஏன் இழுபறியாகிறது? பணம் குறைவு என்பது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பணம் எந்த மாதம் வரும், எந்த மாதம் வராது என்பது முன்கூட்டியே தெரியாமல் இருப்பதும் அதே அளவுக்குப் பெரிய காரணம்.

டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2006இல் 6,000 ரூபாயாக இருந்தது, 2011இல் 12,000 ஆகி, 2018இல் 18,000 ஆனது. '18,000 வரும்' என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனால் கையில் வரும் ரொக்கம் 14,000 ரூபாய். மீதி 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் எல்லாம் இருக்குமே, அதுதான். ரொக்கம் மூன்று தவணை. கர்ப்பத்தின் 4ஆம் மாதத்தில் 6,000, குழந்தை பிறந்த 4ஆம் மாதத்தில் 6,000, 9ஆம் மாதத்தில் 2,000.

இதை ஒரு காலண்டரில் வைத்துப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு மார்ச்சில் 4ஆம் மாதம் என்று வையுங்கள். முதல் 6,000 அப்போது வருகிறது. குழந்தை செப்டம்பரில் பிறக்கும். அடுத்த 6,000 டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ. கடைசி 2,000 அடுத்த ஜூனில். அதாவது மார்ச்சுக்கும் டிசம்பருக்கும் இடையில் ஒன்பது மாதம் இந்தத் திட்டத்திலிருந்து ஒரு ரூபாயும் கிடையாது. வளைகாப்பு அதற்குள், பிரசவம் அதற்குள், பெயர் சூட்டு அதற்குள், தீபாவளியும் அதற்குள். செலவு எல்லாம் நடுவில் குவிந்திருக்கிறது, வரவு இரண்டு ஓரத்திலும் நிற்கிறது. அந்த நடுப்பகுதியில்தான் சங்கிலி அடகுக்குப் போகும், வாரத் தவணைக் கடன் வீட்டுக்குள் வரும்.

மொத்தம் 14,000ஐ மார்ச் முதல் மறு ஜூன் வரை பதினாறு மாதத்துக்குப் பிரித்தால் மாதத்துக்கு 875 ரூபாய். இது தாயின் சாப்பாட்டுக்கும், வேலைக்குப் போகாததால் இழக்கும் கூலிக்கும் ஈடாகக் கொடுக்கப்படுவது. டிவி தவணைக்கும் மாப்பிள்ளை வண்டி ரிப்பேருக்கும் இல்லை. கோபப்படாதீங்க மாமா, பின்னால நிற்கிற உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். முதல் தவணை வந்த அன்றைக்கே மூவாயிரம் ரூபாயைத் தனியாகப் பிரசவ மாதத்துக்கென்று நிறுத்தி வையுங்கள். மீதி மூவாயிரத்தில் முட்டை, பால், கீரை, பழம். என் கருத்து இது. வேறு மாதிரி பிரிக்கலாம் என்றால் பிரியுங்கள், ஆனால் பிரித்துவிடுங்கள்.

இந்தத் தவணைகள் தானாக வருவதில்லை. கர்ப்பம் உறுதியானதும், 12 வாரத்துக்குள், கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்கவேண்டும். பிக்மி இணையதளத்தில் நீங்களே போனில் பதியவும் வசதி உண்டு. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்பார்கள். பிறகு பரிசோதனைகள், அரசு மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசிகள் என்று ஒவ்வொன்றும் பதிவில் ஏறினால்தான் அடுத்த தவணை நகரும். முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் இந்த உதவி, தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்கவேண்டும்.

நம்ம ஊர்ப் பழக்கத்தில் இதில் ஒரு சிக்கல் இருக்கு. பதிவு புருஷன் ஊரில், பிரசவம் அம்மா ஊரில். வேப்பூர் பக்கம் பதிந்தவர் ஜெயங்கொண்டத்தில் பிள்ளை பெறுகிறார், முதல் தடுப்பூசிகள் அங்கேயே போடுகிறார். இதில் தப்பே கிடையாது. ஆனால் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது இந்த ஊர் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். அந்த ஊரில் போய் இறங்கியதும் அங்கே இருக்கும் நர்ஸம்மாவிடம் பிக்மி எண்ணைக் காட்டுங்கள். தடுப்பூசி போட்டதும் அட்டையில் மட்டும் இல்லாமல் கணினியிலும் ஏறியதா என்று கேளுங்கள். கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க.

வங்கிக் கணக்கு தாயின் பெயரில் இருக்கவேண்டும். அதில் ஆதார் இணைந்திருக்கவேண்டும். ஆதார் வழியாக வரும் பணம் உங்களுடைய எல்லாக் கணக்குக்கும் பிரிந்து போகாது. கடைசியாக எந்த ஒரு கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போகும். அது எந்த வங்கி என்று பார்க்க மைஆதார் இணையதளத்தில் நுழைந்து வங்கி இணைப்பு நிலை என்பதைத் தொட்டால் போதும். இரண்டு நிமிடம். எங்க அக்கா அதைச் செய்திருந்தால் அந்தச் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும். செல்போன் எண்ணும் தாயுடையதாக இருக்கட்டும். 'உங்க மகப்பேறு பணம் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். நமக்கு வரும் பணத்துக்கு நாம் ஓடிபியோ பின் நம்பரோ தரவேண்டியதே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930க்குப் பேசுங்கள்.

இனி, சம்பள வேலையில் இருக்கிறவர்கள். எறையூர் சிப்காட்டுக்கு வேன் ஏறிப் போகிறவர்கள் இங்கே சில பேர் இருக்கீங்க. ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட், தனியார் அலுவலகம் என்று போகிறவர்களும் இருக்கலாம். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடம் என்றால் சம்பளத்தோடு 26 வாரம் மகப்பேறு விடுப்பு உங்கள் உரிமை. 1961ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டத்தில் 12 வாரமாக இருந்தது, 2017 திருத்தத்தில் 26 வாரமானது. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம்தான். பிரசவத்துக்கு முந்தைய ஒரு வருடத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். ஏற்கெனவே இரண்டு குழந்தை இருந்தால் மட்டும் 12 வாரம்.

இதில் கணக்குப் பிழை நடக்கும் இடம் ஒன்று உண்டு. வாரம் என்றால் ஆறு நாளா, ஏழு நாளா? சிரிக்காதீங்க, இந்தக் கேள்வி நம்ம தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. கோவை மாவட்டத்து மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட்டில் வேலை செய்த ஒரு பெண் தொழிலாளிக்கு 1967 டிசம்பரில் பிரசவம். அப்போது 12 வார விடுப்பு. நிர்வாகம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டு 72 நாளுக்குக் காசு கொடுத்தது. அந்த அம்மா 84 நாளுக்குக் கேட்டார். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூலிதான் வழக்கு. 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் சேர்த்துத்தான் கணக்கு என்று. பத்து வருஷம்!

இன்றைய கணக்கில் போட்டுப் பாருங்கள். தினம் 400 ரூபாய் சம்பளம் என்றால் 26 வாரத்துக்கு 182 நாள், 72,800 ரூபாய். ஞாயிறைக் கழித்தால் 156 நாள், 62,400. வித்தியாசம் 10,400 ரூபாய். ஒரு மாதச் சம்பளம். விடுப்புக்கு எழுதிக்கொடுக்கும்போதே '182 நாள்' என்று எண்ணில் எழுதுங்கள்.

எப்போது தருவார்கள் என்பதும் சட்டத்திலேயே இருக்கு. பிரசவத்துக்கு முன்னால் எட்டு வாரம் வரை விடுப்பு எடுக்கலாம். கர்ப்பத்துக்கான சான்றைக் கொடுத்ததும் அந்தக் காலத்துக்கான பணத்தை முன்பணமாகத் தரவேண்டும். குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்து 48 மணி நேரத்துக்குள் மீதி. இதைத் தெரிந்துகொண்டால், 'வேலைக்குத் திரும்பி வந்தப்புறம் பாத்துக்கலாம்' என்று யாராவது சொல்லும்போது பதில் சொல்ல வரும். விடுப்பில் இருக்கும்போது வேலையிலிருந்து நீக்குவதும் சட்டப்படி செல்லாது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் பணத்தை முதலாளி தரமாட்டார், இ.எஸ்.ஐ. கழகமே தரும். 26 வாரத்துக்குச் சராசரி தினச் சம்பளம் முழுதும். அதற்கு, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் 70 நாளுக்குப் பிடித்தம் கட்டியிருக்கவேண்டும். பங்களிப்புக் காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதை விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு வேலையில் இருக்கிறவர்களுக்கு 2021 ஜூலை முதல் ஒரு வருட விடுப்பு. அவர்களுக்குச் சம்பளம் நிற்காது என்பதால் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

எங்க அக்கா மாதிரி நாலு பேர் கடையில் தைப்பவர்கள், சின்ன வெங்காயம் அறுக்கப் போறவங்க, பருத்தி எடுக்கப் போறவங்க, முந்திரி உடைக்கிறவங்க, இவங்களுக்கு விடுப்பு கொடுக்க யாரும் இல்லை. தானாக எடுத்தால்தான் விடுப்பு. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அங்கே தனியாக மகப்பேறு உதவி இருக்கு. மற்றபடி செலவைக் குறைப்பதுதான் இவர்களுக்கு வரவு. அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, ஸ்கேன், ரத்தம், தாய்க்குச் சாப்பாடு எல்லாம் இலவசம். வீட்டுக்குக் கொண்டுவந்து விட 102 வண்டி உண்டு, அவசரத்துக்கு 108. ஜெயங்கொண்டம், பெரம்பலூர் மருத்துவமனைகள் இருக்கு, அரியலூரில் 2022 முதல் மருத்துவக் கல்லூரியே இருக்கு. மாதப் பரிசோதனைக்கு மகளிர் விடியல் பயணப் பேருந்தில் போனால் டிக்கெட் இல்லை. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் பல வீட்டில் மாமியார் கணக்குக்குத்தான் வரும். அந்த ஆறு மாதத்துக்காவது மருமகள் பாலுக்கும் முட்டைக்கும் அதிலிருந்து ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது கஷ்டம்தான், தெரியும். மாமியார்களும் இங்கே உட்கார்ந்திருக்கீங்க, அதனால்தான் நானே சொல்லிட்டேன்.

குழந்தை எடை குறைவாக இருந்தால் மறைக்காதீர்கள். 2024 நவம்பரில் நம்ம வாரணவாசியில்தான் முதலமைச்சர் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கிவைத்தார். பிறந்து ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டில் இருந்தால் தாய்க்கே ஊட்டச்சத்துப் பெட்டகம் தருகிறார்கள். அங்கன்வாடியில் எடை போட்டால்தான் அது கிடைக்கும்.

கடைசியா, கடன். ஏற்கெனவே குழுக்கடனோ நுண்கடனோ ஓடிக்கொண்டிருந்தால், சம்பளம் நிற்பதற்கு முன்பே போய் 'இந்த ஆறு மாதம் தவணை இவ்வளவுதான் முடியும்' என்று பேசுங்கள். நின்ற பிறகு பேசினால் மரியாதை வேறு மாதிரி இருக்கும். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக்கூடாது. நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக்கூடாது. பச்சை உடம்புக்காரி இருக்கிற வீட்டு வாசலில் ராத்திரி எட்டு மணிக்கு வந்து உட்கார யாருக்கும் உரிமை இல்லை. செல்போன் தவணை, காப்பீட்டுப் பிரீமியம் என்று கணக்கிலிருந்து தானாகப் போகிறவற்றையும் பாருங்கள். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் ஒவ்வொரு முறையும் அபராதம். 50,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 24 சதவீதம் என்றால் மாதம் ஆயிரம் ரூபாய். நான் முன்னால் சொன்ன அந்த 875 ரூபாயை அது அப்படியே விழுங்கிவிடும், மேலும் 125 கேட்கும்.

சரி, போன் வைத்திருக்கிறவங்க எல்லாரும் எடுங்க. காலண்டரைத் திறங்க. உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யார் உண்டாகியிருக்காங்களோ அவங்க பேரைப் போட்டு, 4ஆம் மாதம், பிரசவத் தேதி, பிறந்த 4ஆம் மாதம், 9ஆம் மாதம், இந்த நாலையும் நினைவூட்டலாகப் போடுங்க. ஆதார் எந்த வங்கியில இருக்குன்னு பார்க்கத் தெரியாதவங்க இங்கேயே என்கிட்ட வாங்க, டீ வர்றதுக்குள்ள பார்த்துடலாம்.