அத்திம்பேர் அனுப்பிய கடிதம்
(மட்டாஞ்சேரியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டபோது எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். விஷ்ணு ஸஹஸ்ரநாம பாராயணம் முடிந்த கையோடு வைரஸைப் பற்றிப் பேசினால் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? ஆனால் நம் மாமா, மாமிகள் பல பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "தெரிஞ்சவா அனுப்பினதுதானே, திறக்கலாமோ?" இன்றைக்கு அதற்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

2000-ஆம் வருஷம் மே 4, வியாழக்கிழமை. சூரிய சந்திரர் உட்பட ஏழு கிரகங்கள் மறுநாள் ஒரு பக்கமாகச் சேரப் போகின்றன, உலகத்துக்கு என்ன ஆகுமோ என்று ஊரெல்லாம் பேச்சு. பூமிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மணிலாவில் கிளம்பிய ஒரு ஈமெயில், ஹாங்காங், ஐரோப்பா, அமெரிக்கா என்று அங்கங்கே பொழுது விடிந்து ஆபீஸ் திறக்கத் திறக்கப் பரவிக்கொண்டே போயிற்று. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தன் ஈமெயிலை நிறுத்தி வைத்தது. கடிதத்தின் தலைப்பு 'ஐ லவ் யூ'.

எங்கள் ஆத்துக்கும் அது வந்தது, என் அத்திம்பேர் பெயரில். அறுபதை நெருங்கிய மனிதர், அக்காவிடமே அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரோ என்னவோ! எனக்கு எழுதுவாரா? அந்த ஆச்சரியத்திலேயே திறந்துவிட்டேன். முன்பின் தெரியாதவர் அனுப்பியிருந்தால் சத்தியமாகத் தொட்டிருக்க மாட்டேன்.

உள்ளே ஒரு இணைப்பு. அதன் முழுப் பெயர் 'லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்'. ஆனால் விண்டோஸ் தனக்குத் தெரிந்த ஃபைல்களின் வால் பகுதியை மறைத்துத்தான் காட்டும். அதனால் என் கண்ணில் பட்டது 'டிஎக்ஸ்டி' வரைக்கும்தான். வெறும் எழுத்து என்று நினைத்தேன். மறைந்திருந்த 'விபிஎஸ்' என்பது விஷுவல் பேஸிக் ஸ்கிரிப்ட். அது படிக்கிற காகிதம் இல்லை, கம்ப்யூட்டருக்கு இடுகிற கட்டளை. மௌஸை இரண்டு முறை தட்டினால் விண்டோஸ் அதை நிறைவேற்றிவிடும். அவுட்லுக்கின் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் என் பெயரிலேயே அதே கடிதம் போயிற்று. என் மேலதிகாரிக்கும் போயிற்று என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

அது வெறும் அவமானம். நஷ்டம் வேறு. அந்த ஸ்கிரிப்ட் டிஸ்கில் இருந்த ஜேபெக் படங்களைத் தேடி, அவற்றின் மேலேயே தன்னை எழுதிக்கொண்டது. எம்பி3 பாட்டுகளை ஒளித்து மட்டும் வைத்தது, அவை திரும்பக் கிடைத்தன. படங்கள் கிடைக்கவில்லை. என் பிள்ளையின் உபநயனத்தை மருமான் தன் புது டிஜிட்டல் காமிராவில் எடுத்திருந்தான். நெகடிவ் கிடையாது, வேறு காப்பியும் கிடையாது. என் அம்மா இருந்து நடத்திவைத்த கடைசி விசேஷம் அது.

இதை எழுதியவர் ஓனெல் டி குஸ்மான் என்ற பிலிப்பைன்ஸ் மாணவர். இன்டர்நெட்டுக்குக் கட்டப் பணமில்லாமல் பிறர் பாஸ்வேர்டைத் திருடத்தான் எழுதினேன் என்று இருபது வருஷம் கழித்து ஒப்புக்கொண்டார். அப்போது அங்கே இதற்கென்று சட்டம் இல்லாததால் தண்டனை கிடையாது. அடுத்த மாதமே சட்டம் கொண்டுவந்தார்கள். நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அதே வருஷம் அக்டோபர் 17-இல் அமலுக்கு வந்தது. அதன் 43-ஆம் பிரிவு வைரஸ் புகுத்துவதைப் பற்றியும் சொல்கிறது. சட்டம் வந்தது, படம் வரவில்லை.

இந்த ஊரில் மிளகு வியாபாரம் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை வருஷப் பழக்கமானாலும் மூட்டையைக் குத்தூசியால் குத்தி, கையில் கொட்டிப் பார்க்காமல் விலை பேச மாட்டார்கள். கொண்டுவந்தவர் நல்லவர்தான், அவருக்கே தெரியாமல் உள்ளே பப்பாளி விதை கலந்திருக்கலாமே! ஈமெயிலுக்குக் குத்தூசி, ஃபைல் பெயரின் கடைசி வால். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். இன்றைக்கும் அது மறைத்தே வைக்கப்பட்டிருக்கிறது என்பது எனக்குப் புரியாத விஷயம். விபிஎஸ், ஜேஎஸ், டபிள்யூஎஸ்எஃப், ஹெச்டிஏ என்று முடிந்தால் அது ஸ்கிரிப்ட். நமக்கு அதில் ஒரு காரியமும் இல்லை. இன்னொரு உபாயம், விபிஎஸ், ஜேஎஸ் ஃபைல்கள் நோட்பேடில் திறக்கும்படி மாற்றிவைப்பது. தவறித் தட்டினாலும் வெறும் எழுத்தாக விரியும், ஓடாது.

ஜிமெயில் இப்படிப்பட்ட வால்களைத் தானே தடுக்கிறது, 2017 பிப்ரவரியில் ஜேஎஸ்ஸையும் சேர்த்தது. விபி ஸ்கிரிப்டையே விண்டோஸிலிருந்து எடுக்கப்போவதாக 2023-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதனால் திருடர்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். ஜிப் ஃபைலில் போட்டுப் பூட்டி, சாவியான பாஸ்வேர்டைக் கடிதத்திலேயே எழுதி அனுப்புவார்கள். பெட்டியையும் சாவியையும் சேர்த்து அனுப்பினால் பூட்டு எதற்கு என்று கேளுங்கள். பூட்டு நமக்காக இல்லை, வைரஸ் தேடும் புரோகிராம் உள்ளே பார்த்துவிடாமல் இருக்கத்தான்.

வாட்ஸ்அப்பில் வருவது இன்னும் நமக்கே குறிவைத்தது. கல்யாணப் பத்திரிகை என்று வரும், வாலில் 'ஏபிகே' இருக்கும். 2024-இல் போலீசாரே இதைப் பற்றி எச்சரித்தார்கள். ஏபிகே என்பது பத்திரிகை அல்ல, போனில் குடியேறுகிற புரோகிராம். அனுமதி கொடுத்துவிட்டால் பேங்க் அனுப்பும் ஓடிபியையும் படித்துவிடும். கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைத்த காலம் போய், பத்திரிகை போனில் வந்தாலே சந்தோஷப்படுகிறோம். அந்த சந்தோஷத்தில்தான் கை தவறுகிறது. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும், வேறு எதுவாகவும் வர வேண்டியதில்லை. சந்தேகமாக இருந்தால் அனுப்பியவருக்கு ஒரு போன் போடுங்கள். "கல்யாணம் எப்போ, பிள்ளை யாராம்?" என்று விசாரித்த மாதிரியும் ஆயிற்று.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அன்று காலை பதினோரு மணிக்கே அத்திம்பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அந்தத் தலைப்பில் எல்லோருக்கும் கடிதம் போய்விட்டதே என்று கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. நான் திறந்தது மூன்று மணிக்கு. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை, நானும் மறுநாள்தான் வாயைத் திறந்தேன். என்னால் எத்தனை ஆத்தில் படம் போயிற்றோ! தவறித் திறந்துவிட்டால் முதலில் நெட் இணைப்பைத் துண்டியுங்கள். உடனே வேறு போனிலிருந்து உறவுக்காரர்களைக் கூப்பிட்டு "என் பேர்ல எது வந்தாலும் திறக்காதீங்கோ" என்று சொல்லிவிடுங்கள். பணம் போயிருந்தால் பேங்குக்கும் 1930-க்கும் தாமதிக்காமல் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த ஊர் பேங்கின் நம்பரை இப்போதே குறித்து வையுங்கள். படங்களைத் தனி டிஸ்கில் காப்பி எடுத்து, டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். சொருகியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

லாப்டாப் கொண்டுவந்திருப்பவர்கள் காப்பி குடித்துவிட்டு அந்த ஜன்னலோர மேஜைக்கு வாருங்கள், வாலைக் காட்டும் அந்த டிக்கைப் போட்டுத் தருகிறேன். அத்திம்பேரும் முன்வரிசையில்தான் இருக்கிறார், அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.