நாற்காலி நமக்கு, கோப்பு யாருக்கு?

(2025 ஏப்ரலில் தஞ்சாவூரில் நடந்த இளைஞர் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உள்ளாட்சியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சட்டப் பிரிவுகளில் தொடங்கினால் நீங்கள் அலைபேசியைக் கையில் எடுத்துவிடுவீர்கள். அதனால் ஒரு பாதையிலிருந்து தொடங்குகிறேன்.

வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். பெயர் வேண்டாம். டெல்டாவில் பல ஊர்களுக்கு இந்தக் கதை பொருந்தும். எங்கள் தெருவிலிருந்து மயானம் அரை கிலோமீட்டர். நடுவில் பாதை கிடையாது, வயல்தான். கோடையில் யாராவது செத்தால் தரிசில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஐப்பசி, கார்த்திகையில் செத்தால் முழங்கால் சேற்றில், நட்ட பயிருக்கு நடுவே பாடையைச் சுமக்க வேண்டும். பயிரை மிதித்ததற்கு மறுநாள் நிலத்துக்காரரிடம் பேச்சும் வாங்க வேண்டும். அந்த வயலில் நாற்று நட்டவர்களும் களை பறித்தவர்களும் பாடைக்குப் பின்னால் அழுதுகொண்டு வருகிற பெண்கள்தான்.

என் அப்பா இந்தப் பாதைக்காகப் பதினோரு ஆண்டுகள் மனு கொடுத்தார். திங்கட்கிழமை கூலியை விட்டுவிட்டு, இருக்கிற ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முதல் பஸ்ஸில் கலெக்டர் ஆபீசுக்குப் போவார். குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நிற்பார். ஒரு ரசீதோடு திரும்புவார். அந்த மனு ஆட்சியரிடமிருந்து வட்டாட்சியருக்குப் போகும், அங்கிருந்து வி.ஏ.ஓ.விடம் வரும். அவர் 'பட்டா நிலம், வாய்ப்பில்லை' என்று எழுதி மேலே அனுப்புவார். ஆட்சியர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அப்பாவும் அந்த வெள்ளைச் சட்டையும்தான் மாறவில்லை.

ஒருநாள் கேட்டேன். "ஏம்ப்பா, நம்ம ஊர்லயே பஞ்சாயத்து ஆபீஸ் இருக்குல்ல, அங்க கேட்டா என்ன?" அப்பா சிரித்தார். "அங்க யாருகிட்ட கேக்குறது? பாதைய மறிக்கிறவருகிட்டயேவா?"

தோழர்களே, இன்றைய என் பேச்சு முழுவதும் அப்பாவின் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான்.

அப்பா அம்பேத்கரைப் படித்தவர் இல்லை. ஆனால் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். கிராமத்தை இந்தியாவின் ஆன்மா என்று பலர் போற்றிக்கொண்டிருந்த நேரம் அது. கிராமம் என்பது குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்று அவர் சொன்னார். அரசமைப்பின் அலகு கிராமமாக இருக்கக்கூடாது, தனிமனிதராக இருக்க வேண்டும் என்றார். உள்ளூர் அதிகாரம் என்றால் நம் அனுபவத்தில் உள்ளூர் ஆதிக்கச் சாதியின் அதிகாரம். அதனால்தான் நம் மக்கள் ஊர்த் தலைவரைத் தாண்டி கலெக்டரிடம் ஓடினார்கள். அந்த ஓட்டத்தில் நியாயம் இருக்கிறது.

சில நேரம் அந்த ஓட்டம் பலனும் தந்திருக்கிறது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். 1996-இல் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே முறையாகத் தேர்தல் நடக்கவிடவில்லை. 2006-இல் தேர்தல் நடந்தது என்றால், அதில் இயக்கங்களின் போராட்டத்தோடு, மதுரை ஆட்சியராக இருந்த உதயச்சந்திரனின் முயற்சிக்கும் பங்கு உண்டு. நல்ல ஆட்சியர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் நல்ல ஆட்சியர் வருவது மழை வருவதைப் போன்றது. மழையை நம்பி ஒருபோகம் பயிர் வைக்கலாம். வாழ்க்கையை வைக்க முடியுமா?

இனி நம் மாவட்டத்தின் கதைக்கு வருகிறேன். ஒரு மாவட்டத்தை ஆள்வது யார் என்ற கேள்விக்குத் தஞ்சாவூரில் ஒரு பழைய பதில் இருந்தது: ஜில்லா போர்டு.

1799-இல் சரபோஜியுடன் செய்த ஒப்பந்தத்தால் தஞ்சை கம்பெனியின் கைக்குப் போனது. கலெக்டர் வந்தார். பெயரிலேயே இருக்கிறது, வசூல் செய்பவர். 1884 சட்டத்தின்கீழ் ஜில்லா போர்டு வந்தபோதும் அதற்குத் தலைவர் கலெக்டர்தான். 1920-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அந்த இடம் அதிகாரி அல்லாதவர்களின் கைக்கு வந்தது. அந்தப் போர்டின் பலத்தைக் கொஞ்சம் எண்ணிப்பாருங்கள். சாலை அதனுடையது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சத்திரம் அதன் பொறுப்பில். தஞ்சாவூர் ஜில்லா போர்டுக்குச் சொந்தமாக ரயில் பாதையே இருந்தது! நிலவரியோடு ஒரு கூடுதல் வரி போட்டு, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-இல் ரயில் விட்டார்கள். ஒரு மாவட்டத்தின் உள்ளாட்சி ரயில் விட்டிருக்கிறது. இன்றைய மாவட்ட ஊராட்சியால் ஒரு ஷேர் ஆட்டோ விட முடியுமா என்று யோசியுங்கள்.

அந்த வரியைக் கட்டியவர் மிராசுதார். அதை விளைவித்தவர் பண்ணையாள். ஆனால் ஓட்டுரிமை சொத்தையும் வரியையும் வைத்து இருந்தது. பண்ணையாளுக்கு ஓட்டு இல்லை. நம்மவர்கள் போர்டுக்குள் போனால் அது பெரும்பாலும் அரசு பார்த்து நியமித்த உறுப்பினராகத்தான்.

அதற்குள்ளும் சில கதவுகள் திறந்தன. நீதிக்கட்சித் தலைவர் ஏ.டி. பன்னீர்செல்வம் தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக இருந்தார். சமஸ்கிருதத்துக்கு மட்டுமே இடம் இருந்த திருவையாறு கல்லூரியில் தமிழ்ப் படிப்பு நுழைந்தது அப்போதுதான். 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, அரசு அலுவலகம் எதிலும் ஆதிதிராவிடர்களைத் தடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். அதைத் தரையில் நடத்திக் காட்ட வேண்டியவை உள்ளாட்சிகள்தான். ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். சாலை போர்டினுடையது, லைசென்ஸ் கொடுப்பதும் போர்டு. அவர் யாருக்கும் மனு எழுத வேண்டியிருக்கவில்லை. உள்ளூர் அதிகாரம் சாதிக்கு எதிரானவர் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த ஒரு உத்தரவு போதும்.

பிறகு என்ன ஆனது? சுதந்திரம் வந்தது, எல்லோருக்கும் ஓட்டு வந்தது. 1958-இல் சென்னை மாநிலம் புதிய சட்டங்கள் கொண்டுவந்து ஜில்லா போர்டுகளை ஒழித்தது. மிராசுதார்களின் கோட்டை ஒழிந்ததில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த இடத்துக்கு வந்தது எது? மாவட்ட வளர்ச்சி மன்றம். ஆலோசனை மட்டும் சொல்லும் அவை. அதன் தலைவர்? கலெக்டர். 1920-இல் வெளியே போனவர் 1958-இல் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

பத்தாண்டு கழித்து, 1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி கேட்டவர்களுக்கு அந்த மாவட்டத்தில் போய் உட்கார ஓர் அவைகூட இல்லை.

அடுத்து 1992. அரசமைப்பின் 73-ஆவது திருத்தம். பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதத்தில் இடஒதுக்கீடு, தலைவர் பதவியிலும் உண்டு. 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். 2016-இல் பெண்களுக்குப் பாதி இடங்கள். திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் பட்டியல் சாதி. அப்படியானால் எத்தனை நாற்காலிகள் என்று கணக்குப் போடுங்கள். டெல்டாவின் வரலாற்றில் முதன்முறையாக, பண்ணையாளின் பேத்தி மாவட்டத்தின் மேசைக்கு முன்னால் உட்காரலாம்.

உட்கார்ந்தார்கள். ஆனால் மேசையில் கோப்பு இல்லை.

மாவட்ட ஊராட்சிக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. சட்டம் அதற்குக் கொடுத்திருக்கும் வேலைகளைப் படித்தால் ஆலோசனை சொல்லுதல், ஆய்வு செய்தல், அறிக்கை தயாரித்தல் என்றே போகிறது. பணம் வருகிற வழி வேறு. மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் தலைவர் ஆட்சியர். நூறு நாள் வேலைத் திட்டத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளராக இருந்ததும் ஆட்சியர். மாவட்டத் திட்டக் குழுவுக்கு மட்டும் மாவட்ட ஊராட்சித் தலைவர் தலைவர், ஆட்சியர் துணைத்தலைவர். அந்தக் குழு போட்ட திட்டத்தின்படி உங்கள் ஊரில் ஒரு மதகாவது கட்டப்பட்டதாக யாராவது கேள்விப்பட்டிருந்தால் கையைத் தூக்குங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். மாதாமாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டம் ஆட்சியர் தலைமையில் நடக்கிறது. ஆறு தூர்வாருவது, உரம், பயிர்க்காப்பீடு, நெல் கொள்முதல் நிலையம் எல்லாம் அங்கே பேசப்படும். நல்லது. அங்கே பேசுவது யார்? பட்டா வைத்திருப்பவர். அந்த நெல்லை நட்டு அறுத்து மூட்டை தூக்குகிறவருக்கு அந்தக் கூட்டம் இல்லை. அவருக்குத் திங்கட்கிழமை வரிசைதான்.

உலகத்தில் எல்லா இடத்திலும் இப்படியா? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்று ஒரு கவுன்ட்டி, நம் மாவட்டம் மாதிரி. ஒரு கோடி மக்கள். அதை நடத்துவது மக்கள் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் கொண்ட ஆட்சிக்குழு. தலைமை நிர்வாகி ஒருவர் உண்டு. அவரை வேலைக்கு வைப்பது அந்தக் குழு, நீக்குவதும் அந்தக் குழு. அங்கேயும் இனவெறியும் பணபலமும் இருக்கின்றன, அது சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் பாருங்கள்.

இங்கே அது தலைகீழ். சட்டப்படி ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். 205-ஆவது பிரிவின்படி, மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரை விசாரித்துப் பதவிநீக்கம் செய்யும் அதிகாரம் அவருக்கு உண்டு. 203-ஆவது பிரிவை வைத்து, காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைப் பறித்த நிகழ்வுகள் உண்டு. மக்கள் தேர்ந்தெடுத்தவரை, மக்கள் தேர்ந்தெடுக்காதவர் அனுப்பிவைக்கலாம். பக்கத்தில் கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. ஆரம்ப சுகாதார நிலையம் கிராம ஊராட்சியின் பொறுப்பு, மாவட்ட மருத்துவமனை மாவட்ட ஊராட்சியின் பொறுப்பு. உள்ளாட்சிகள் மீதான புகார்களை விசாரிக்க ஆம்பட்ஸ்மேன் என்ற தனி அமைப்பு. இதே இந்தியாவில், இதே அரசமைப்பின்கீழ்தான் இதுவும் நடக்கிறது.

மறுபடி எங்கள் ஊருக்கு வருகிறேன். 2019 டிசம்பரில் தேர்தல். தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கீடு. எங்கள் தெரு அக்கா ஒருவர் நின்றார், ஜெயித்தார். அவரும் நடவு வேலைக்குப் போகிறவர். முதல் கூட்டத்திலேயே மயானப் பாதையை எடுத்தார். கிராம சபையில் தீர்மானம் போட்டார். அப்பா அன்றும் அந்த வெள்ளைச் சட்டையில்தான் வந்து உட்கார்ந்திருந்தார்.

ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத்தலைவர் பதவிக்குக் கிடையாது. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். எங்கள் ஊரில் அந்த இடத்துக்கு யார் வந்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாதைக்கு மண் அடிக்கிற காசோலை வந்தபோது அவர் ஊரில் இல்லை. அடுத்த முறை அவருக்குக் காய்ச்சல். அதற்கடுத்த முறை, "அவசரம் என்ன, பாப்போம்" என்றார். அக்கா ஒன்றிய அலுவலகத்துக்குப் போனார். அங்கே, "மேல எழுதிக் குடுங்க" என்றார்கள். கடைசியில் அந்த அக்காவும் ஒரு திங்கட்கிழமை, கையில் மனுவோடு, அப்பா நின்ற அதே வரிசையில் போய் நின்றார்.

மூவாயிரம் பேருக்குத் தலைவர் அவர். கையில் இருந்தது ஒரு மனு.

பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தஞ்சாவூர் மாவட்டத்தின் 589 ஊராட்சிகளும் அதன் பிறகு தனி அலுவலர்களின் கைக்குப் போயின. இது புதிதும் இல்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நின்றுபோய், மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். ஐந்தாண்டுக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசமைப்பு சொல்கிறது. சட்டமன்றத்துக்கு இப்படி மூன்று ஆண்டு தேர்தல் தள்ளிப்போனால் நாடு சும்மா இருக்குமா? ஊராட்சி என்றால் மட்டும் யாருக்கும் பதறவில்லை. அந்த நாற்காலிகளில் யார் உட்கார ஆரம்பித்தார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 1997 ஜூனில் மேலவளவில் முருகேசனையும் உடனிருந்த ஐவரையும் வெட்டிக் கொன்றது ஒரு ஊராட்சித் தலைவர் நாற்காலிக்காக. அவ்வளவு ரத்தம் கொடுத்து வாங்கிய நாற்காலியை, ஒரு கையெழுத்தில் காலியாக வைத்திருக்கிறார்கள்.

அப்பாவின் கேள்விக்குப் பதில் இதுதான். உள்ளூரில் ஆதிக்கச் சாதி, மேலே அதிகாரி. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நமக்கு வைக்கப்படும் பொறி. நாம் கேட்க வேண்டியது அதிகாரத்தோடு கூடிய நாற்காலி, அதில் உட்காருகிறவருக்குப் பாதுகாப்பு. சேர்ந்தே கேட்க வேண்டும். அதிகாரத்தை மட்டும் கீழே இறக்கினால் அது மிராசுதாரிடம் போகும். பாதுகாப்பை மட்டும் கேட்டால் நாம் காலமெல்லாம் மனுதாரர்கள்.

நடைமுறையில் நான்கு கோரிக்கைகள். ஒன்று, உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்து. இரண்டு, ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் துணைத்தலைவரின் கூட்டுக் கையெழுத்தை எடு. அந்த இடத்தில் ஊராட்சிச் செயலரோ ஒன்றிய அலுவலரோ காலக்கெடுவுக்குள் கையெழுத்திடட்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும். மூன்று, தலைவரை நீக்கும் அதிகாரத்தை ஆட்சியரிடமிருந்து எடுத்துத் தனி விசாரணை அமைப்பிடம் கொடு. நான்கு, ஊரக வளர்ச்சி முகமையை மாவட்ட ஊராட்சியின்கீழ் கொண்டுவா.

உங்களுக்கு ஒரு வேலை. மே முதல் தேதி கிராம சபை. தலைவர் இல்லாவிட்டாலும் சபை உண்டு, ஏனென்றால் அந்த ஊரின் வாக்காளர் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். கூட்டமாகப் போங்கள், அம்மாக்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். இந்த நான்கையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் போடாதீர்கள்.

அப்பா போன கார்த்திகையில் இறந்தார். நல்ல மழை. அந்த வயல் வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனோம். பெட்டியில் அவருடைய மனு ரசீதுகள் கட்டாக இருந்தன. நான் இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கட்டில் இன்னொரு ரசீதைச் சேர்க்கும் எண்ணம் எனக்கு இல்லை.

ஜெய்பீம்.