ஒரே சிகரம், வேறு வேறு இயல்பு

எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8,849 மீட்டர். பருவமழைக்கு முன், மே மாதப் பிற்பகுதியில், உச்சியில் வீசும் கடுங்காற்று சில நாட்கள் தணியும். ஏறுவோரில் பெரும்பாலோருக்கு அதுதான் வாய்ப்பு. 1984 மே 23இல் பச்சேந்திரி பால், 1997 மே 23இல் மலேசியத் தமிழர்கள் மகேந்திரன், மோகனதாஸ், 2023 மே 23இல் தமிழ்நாட்டின் முத்தமிழ்செல்வி ஆகியோர் அந்த உச்சியைத் தொட்டார்கள். நாள் ஒன்று, சிகரம் ஒன்று. ஏறியவர்களின் இயல்போ வேறு வேறு.

பச்சேந்திரியின் இயல்பு கலங்காமை. எவரெஸ்டுக்கு ஏறும் வழியிலுள்ள லோட்சே சரிவில் நள்ளிரவில் பனி சரிந்து அவர் கூடாரத்தைப் புதைத்தது. தலையின் பின்புறம் அடிபட்டது. உடனிருந்தவர் கத்தியால் கூடாரத்தைக் கிழித்து, பனியை அகற்றி, அவரை வெளியே இழுத்தார். குழுவில் காயமுற்ற பலர் கீழே இறங்கினார்கள். அவர் மேலே போனார். எவரெஸ்டில் ஏறிய முதல் இந்தியப் பெண் ஆனார்.

முத்தமிழ்செல்வியின் இயல்பு படிப்படியான பயிற்சி. ஜப்பானிய மொழி ஆசிரியரான அவர், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மலைப்பட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு 155 அடி உயரத்திலிருந்து கயிற்றில் இறங்கிப் பழகியவர். எவரெஸ்டை எட்டிய முதல் தமிழ்நாட்டுப் பெண் அவரே.

அணுகுமுறையிலும் இரண்டு துருவங்கள் உண்டு. 1965இல் மலையேற்ற வீரர் கோலி தலைமையில் சென்ற இந்தியக் குழு, முகாம் முகாமாகப் பொருள் சேர்த்து ஒன்பது பேரை உச்சிக்கு அனுப்பியது. அந்த ஒன்பது பேரில் தலைவர் இல்லை. 1980 ஆகஸ்ட் 20இல் மலையேற்ற வீரர் மெஸ்னர் ஆக்சிஜன் உருளை இல்லாமல் தன்னந்தனியாக ஏறினார். சுமை குறைய வேகம் கூடியது. ஆனால் தவறினால் தாங்கப் பக்கத்தில் ஆளில்லை.

திரும்பத் தெரிந்தவர் இலங்கையின் யொஹான் பீரிஸ். 2016இல் உச்சிக்குச் சுமார் 400 மீட்டர் கீழே ஆக்சிஜன் சிக்கலால் இறங்கினார். உயிரோடு இறங்கியதால்தான் 2018இல் மீண்டும் ஏறி உச்சியைத் தொட முடிந்தது.

பயிற்சி, துணிவு, தோழமை, திரும்பும் தெளிவு: இந்த நான்கும் இமயத்துக்கு மட்டும் உரியவை அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கூரையிலும் சாரத்திலும் ஏறும் தொழிலாளிக்கும், ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரம் மலைக்கு நடக்கும் இளைஞருக்கும் இவையே காப்பு. ஏறும் முன் பெல்ட்டும் கயிறும் சரிபார்க்கப்படட்டும். உடன் வந்தவர் கைவிடப்படாதிருக்கட்டும். ஆபத்து தெரிந்த இடத்தில் இறங்கி வருவதை யாரும் கோழைத்தனம் என்று சொல்லாதிருக்கட்டும்.