தாமே பயின்ற கைத்திறமும் ஜீவனமும்

(நசரத்பேட்டையில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் முன் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



எந்தக் கிராமத்திலும், ஒருவரும் கற்பிக்காமலே ஏதேனும் ஒரு வேலையில் மனத்தைச் செலுத்தும் பிள்ளைகள் இருப்பார்கள். ஒருவன் பழுதான கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பான். மற்றொருவன் பலகையில் சித்திரம் தீட்டுவான். ஒரு பெண் பழைய துணியைக் கொண்டு புதுமாதிரிச் சட்டை தைப்பாள். பெரியவர்கள் இதனை வீண்பொழுது என்பார்கள். படிப்பும் வயல்வேலையும் கெட்டுப்போகும் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சம் முற்றிலும் தவறானதன்று. ஆயினும், அதே பொழுதுபோக்கு பிற்காலத்தில் குடும்பத்தைத் தாங்கும் தொழிலாக முடிவதும் உண்டு. எப்பொழுது அவ்வாறு முடிகிறது, எப்பொழுது முடிவதில்லை என்று அறிவது, பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், கடன் மனுக்களைப் பரிசீலிக்கும் பஞ்சாயத்தாருக்கும் மிகவும் அவசியமாகும்.

இதற்குச் சிறந்த திருஷ்டாந்தம் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களின் சரித்திரம். அவர் 1893-ஆம் ஆண்டு கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப்படிப்பு அவருக்கு அதிகமில்லை. 1912-ஆம் ஆண்டில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறிச் சென்ற ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இன்றி ஒரு வண்டி எவ்வாறு ஓடுகிறது என்ற வியப்பு அவரை விட்டு நீங்கவில்லை. அதை வாங்கக் கையில் பணமில்லை. கடனும் வாங்கவில்லை. கோயம்புத்தூருக்குச் சென்று ஹோட்டலில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் வரவில்லை. திருகு திருகாகக் கழற்றினார், மறுபடியும் பூட்டினார். அந்த வண்டியே அவருக்குப் பள்ளிக்கூடம்.

1920-ஆம் ஆண்டில் ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். யந்திரம் பழுதானால் பிறர் கையை எதிர்பாராமல் தாமே செப்பனிட வல்லவராக இருந்தார். அந்த ஒரு பஸ்ஸே நாளடைவில் யு. எம். எஸ். என்னும் பெரிய பஸ் ஸ்தாபனமாக விருத்தியடைந்தது. 1932-ஆம் ஆண்டில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை தொடங்கியது. கோவைப் பிரதேசத்தில் ஆலைகளுக்கும் இறைவைக் கிணறுகளுக்கும் மின்சாரம் பரவவே, மோட்டார்கள் தேவைப்பட்டன. 1937-ஆம் ஆண்டில் பீளமேட்டில் நாயுடு அவர்களின் தொழிற்சாலையிலிருந்து, இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் என்று பெயர்பெற்ற யந்திரம் வெளிவந்தது. அம்முயற்சியில் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களின் உழைப்பும் பெரிது. பள்ளியை விட்டு விலகிய அவரே 1945-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் தொழிற்பள்ளி தோன்றக் காரணமானார். 1974-ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

இச்சரித்திரத்தில் வெறும் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது? பொழுதுபோக்கு தொழிலாக மாறியதற்குக் காரணங்கள் கண்ணுக்கு நேரே தெரிகின்றன. முதலில் சிக்கனத்தால் முதல் சேர்ந்தது. அடுத்து, கைத்திறம் பொறுமையான உழைப்பால் வந்தது. பின்னர் அந்தத் திறம் ஊராரின் தேவையோடு பொருந்தியது. யாத்திரிகருக்குப் பஸ் வேண்டியிருந்தது. விவசாயிக்கு மோட்டார் வேண்டியிருந்தது. விருப்பம் ஒன்று மட்டும் இருந்து மற்றவை இல்லாவிடில், வண்டி கழற்றிய நிலையிலேயே திண்ணையில் கிடந்திருக்கும்.

அவருடைய எல்லா முயற்சியும் பலிக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 1952-ஆம் ஆண்டில் இருவர் செல்லத்தக்க சிறிய காரை உருவாக்கினார். சர்க்கார் லைசென்சு கிடைக்காமையால் அது சந்தைக்கு வரவில்லை. ஆயினும் அவர் நிலைகுலையவில்லை. வேறு தொழில்கள் காலூன்றி நின்ற பிறகே புதியதில் இறங்கினார். நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டுப் புதுத்தொழிலில் குதிப்பவர்கள் இதை மனத்தில் கொள்ளல் வேண்டும்.

எல்லாருக்கும் தம் சொந்தச் சேமிப்பே போதுமானதாக அமைவதில்லை. கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன் ஒரு புஸ்தகத்தின் துணைகொண்டு தாமே கணிதம் பயின்று, நோட்டுகளை நிரப்பினார். மற்றப் பாடங்களைக் கவனியாமையால் காலேஜ் பரீக்ஷையில் தவறினார். உபகாரச் சம்பளத்தை இழந்தார். இது இளைஞர்களுக்கு எச்சரிக்கை. திருக்கோவலூரில் டிப்டி கலெக்டராக இருந்த வி. ராமசாமி அய்யரும், நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவும் அவருடைய நோட்டுகளைப் பார்த்து ஆதரித்தனர். 1912-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913-ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தது. திறம் அவருடையது, அதைக் கண்டறிந்து கைகொடுத்தவர்கள் பிறர். இது பெரியவர்களுக்குப் பாடம்.

கிராமத்தில் அவ்வாறு கைகொடுக்க வேண்டிய ஸ்தாபனம் எது? கூட்டுறவுச் சங்கமே. 1904-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஜில்லாவில் அந்நாள் அடங்கியிருந்த திரூரில் கூட்டுறவு நாணயச் சங்கம் ஏற்பட்டதை அங்கத்தினர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆஸ்தியை மட்டும் பாராமல், மனிதனுடைய நாணயத்தையும் உழைப்பையும் பார்த்துக் கடன் கொடுப்பதே இவ்வியக்கத்தின் ஆதாரக் கொள்கை. கலியாணத்திற்கும் காதுகுத்துக்கும் கடன் கேட்பவரிடம் இரக்கம் காட்டிவிட்டு, தையல் யந்திரத்திற்கோ தச்சுக் கருவிக்கோ கடன் கேட்கும் இளைஞனைப் பார்த்து நகைப்பது அக்கொள்கைக்கு ஒவ்வாது. முன்னது செலவோடு முடிவது. பின்னது வருமானத்தைப் பிறப்பிப்பது.

ஆகையால், யோசனையின்றிக் கொடுத்துவிடலாம் என்பதன்று. மனுதாரர் அந்த வேலையை ஓராண்டாவது விடாமல் செய்துவந்தாரா? அவர் செய்த பொருளை, உறவினர் அல்லாத ஒருவராவது காசு கொடுத்து வாங்கியதுண்டா? கருவியின் விலையில் ஒரு பங்கைத் தாமே சேர்த்திருக்கிறாரா? இவற்றைப் பஞ்சாயத்தார் நேரில் விசாரித்து அறிதல் வேண்டும். தினம் 10 ரூபாய் சங்கத்தில் கட்டினால் ஆண்டு முடிவில் 3,650 ரூபாய் ஆகிறது. ஓராண்டு தவறாமல் கட்டியவர் கடன் தவணையையும் கட்டுவார் என்று நம்ப இடமுண்டு. கடன் தொகையைக் கையில் கொடாமல் கருவி விற்பவரிடமே செலுத்துவதும், தவணையைத் தொழிலின் வருமானத்திற்கேற்ப அமைப்பதும் உத்தமம்.

நசரத்பேட்டை பெங்களூர்ச் சாலையின்மேல் இருக்கிறது. பூவிருந்தவல்லிக் கடைத்தெரு அருகில் உள்ளது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எட்டாத தூரமன்று. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவோரும், துணி தைப்போரும், யந்திரம் செப்பனிடுவோரும் எப்பொழுதும் தேவைப்படுகின்றனர். ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் இத்தகைய விருப்பமுடைய பிள்ளை உண்டா என்று பார்ப்பாராக. இருந்தால், ஏசி விரட்டாமல், முதலில் சங்கத்தில் அவன் பேரில் ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்கி வைப்பாராக. அதுவே அவன் தொழிலுக்கு இடும் அஸ்திவாரம்.