சிவப்பு இடக்கை, பச்சை வலக்கை

ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டிக் கிழக்கே போனால் காயல்பட்டினத்துக் கடல். அதற்கு வடக்கே புன்னைக்காயல். இன்னும் வடக்கே தூத்துக்குடித் துறைமுகம். கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடலில் எங்கே வேண்டுமானாலும் படகு விடலாம் என்றுதான் தோன்றும். தோணி ஓட்டும் தண்டலுக்கும் மீனவருக்கும் தெரியும், அது அப்படி இல்லை என்று. வான்தீவு, காசுவார், காரைச்சல்லி என்று தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள், கடலடியில் ‘பார்’ எனும் பாறைத் திட்டுகள். ஆழம் எங்கே, ஆபத்து எங்கே என்று தண்ணீரின் மேற்பரப்பு சொல்லாது. அதைச் சொல்வதற்கென்று கடலில் மிதக்கவிட்டிருக்கும் அடையாளங்களின் அருமையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நம் கரையில் இந்த அறிவு பழையது. கடலில் இருந்து திருச்செந்தூர்க் கோபுரத்தையோ, மணப்பாட்டுக் குன்றின் மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலையோ வேறொரு கரை அடையாளத்தோடு நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். வேறு திசையில் இன்னும் ஒரு ஜோடி. இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே படகு நிற்கும் இடம். முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், எந்தப் பாரில் மூழ்கலாம் என்பதைக் கொடி கட்டிய மிதவைகளை இட்டுக் குறித்தார்கள். தூத்துக்குடியில் 1961இல் நடந்த முத்துக்குளிப்பே கடைசி.

இன்று உலகெங்கும் வழங்கும் மிதவை முறை துயரத்தில் இருந்து பிறந்தது. 1971 ஜனவரியில், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே டோவர் நீரிணையில் ‘டெக்சாகோ கரீபியன்’ என்ற எண்ணெய்க் கப்பல் மோதலில் மூழ்கியது. மறுநாளே ‘பிராண்டன்பர்க்’ என்ற கப்பல் அந்தச் சிதைவின் மேல் மோதி மூழ்கியது. அதன்பின் அங்கே எச்சரிக்கை அடையாளங்கள் வைத்தார்கள். அவை இருந்தும் பிப்ரவரியில் ‘நிக்கி’ என்ற கப்பல் அதே இடத்தில் மூழ்கியது. மூன்று கப்பல்களிலுமாக 50க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அப்போது உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் இருந்தன. ஒரு நாட்டில் ‘வா’ என்று அழைத்த அடையாளம் இன்னொரு நாட்டில் ‘போகாதே’ என்று தடுத்தது. பிறகு ஐ.ஏ.எல்.ஏ. என்ற பன்னாட்டு அமைப்பின் முயற்சியால், 1980இல் டோக்கியோ மாநாட்டில் நாடுகள் ஒரே முறைக்கு இசைந்தன.

அந்த முறை எளிது. கடலில் இருந்து துறைமுகத்துக்குள் வரும்போது இடக்கைப் பக்கம் சிவப்பு, வலக்கைப் பக்கம் பச்சை. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏறக்குறைய நான்கு நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீள்கின்றன. கிழக்கிலிருந்து நுழைகிற கப்பலுக்குத் தெற்குச் சுவர் இடக்கை, வடக்குச் சுவர் வலக்கை. வெளியே போகும்போது எல்லாம் மாறிவிடும். சிவப்பு மிதவை உருளை வடிவம்; பச்சை மிதவை கூம்பு வடிவம். இரவில் அந்தந்த நிறத்திலேயே விளக்கு.

இங்கேதான் இந்த முறையின் மேன்மையைப் பார்க்கிறேன். ஒரே செய்தியை நிறத்தால் ஒரு முறை, வடிவத்தால் ஒரு முறை, விளக்கால் ஒரு முறை சொல்கிறது. பறவை எச்சத்தில் நிறம் மறைந்தாலும், எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பாகத் தெரிந்தாலும் வடிவம் சொல்லிவிடும். வடிவம் மறையும் இருட்டில் விளக்கு சொல்லும். இதை அமைத்தவர்கள், களைத்த கண்ணையும் கெட்ட வானிலையையும் நினைத்து அமைத்திருக்கிறார்கள்.

ஆபத்தின் எந்தப் பக்கமாகப் போகலாம் என்று காட்டும் திசை மிதவைகளில் இந்த அக்கறை இன்னும் தெளிவு. மஞ்சளும் கறுப்பும் பூசி, உச்சியில் இரண்டு கூம்புகள் வைத்தவை அவை. இரண்டு கூம்பும் மேல்நோக்கினால் வடக்கு. அதற்கு வடபுறமாகவே போக வேண்டும். இரண்டும் கீழ்நோக்கினால் தெற்கு. கூர்முனைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றால் கிழக்கு; ஒன்றையொன்று தொட்டால் மேற்கு. கூம்பு காட்டும் பக்கத்தில்தான் கறுப்பு பூசியிருக்கும். விளக்கோ கடிகார முகம்: கிழக்குக்கு 3 மின்னல், தெற்குக்கு 6, மேற்குக்கு 9, வடக்கு ஓயாமல் மின்னும். ஆடும் படகில் எண்ணிக்கை தவறக்கூடும் என்று, தெற்கின் ஆறு மின்னலுக்குப் பின் நீண்ட ஒளி ஒன்றையும் சேர்த்தார்கள். மூன்றையோ ஒன்பதையோ ஆறென்று மயங்க முடியாது.

கப்பல் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முறை ஒன்றானாலும், நிறத்துக்கு இரண்டு மண்டலங்கள் உண்டு. நான் சொன்ன நிறங்கள் வழங்கும் இந்தியா, இலங்கை, ஐரோப்பா எல்லாம் ‘ஏ’ மண்டலம். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ‘பி’ மண்டலம். அங்கே இடக்கைப் பக்கம் பச்சை, வலக்கைப் பக்கம் சிவப்பு. ஆனால் இடக்கை உருளை, வலக்கைக் கூம்பு என்ற வடிவம் எங்கேயும் மாறாது.

குறை இல்லாத முறையா என்றால், இல்லை. புயலில் சங்கிலி அறுந்து மிதவை நகர்ந்துவிடும், விளக்கு அணைந்துபோகும். அதனால் ஒரே ஒரு மிதவையை நம்பி யாரும் படகைத் திருப்பக் கூடாது. கரை அடையாளத்தோடும், பாண்டியன் தீவுக் கலங்கரை விளக்கத்தோடும், கடல் வரைபடத்தோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். தீவுகூட நிலையானதில்லை என்பதற்கு நம் விலங்குசல்லியே சாட்சி. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் அரிப்புக்கு ஆளான அந்தத் தீவு இன்று நீருக்கடியில் கிடக்கிறது.

ஜி.பி.எஸ். கையில் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கருவி நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும். நேற்று மூழ்கிய படகு எங்கே கிடக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டுமானால், யாராவது அதில் ஏற்றியிருக்க வேண்டும். மின்கலம் தீர்ந்தால் அதுவும் இல்லை. கடலில் மிதக்கும் அடையாளம் எல்லோர் கண்ணுக்கும் பொது. கட்டுமரத்துக்கு ஒன்று, சரக்குக் கப்பலுக்கு ஒன்று என்ற பேதம் அதற்குக் கிடையாது.

ஆகவே மீனவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள். மிதவையில் படகைக் கட்டாதீர்கள், வலையை மாட்டாதீர்கள், அதன் சோலார் பலகையில் கை வைக்காதீர்கள். 1927ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கச் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் வந்த புதிய சட்டப்படி, இந்த அடையாளங்களை வேண்டுமென்றே சேதப்படுத்துவது குற்றம். விளக்கு எரியாத மிதவையையோ இடம் மாறிய மிதவையையோ கண்டால் துறைமுகத்துக்கோ கடலோரக் காவல் படைக்கோ உடனே சொல்லுங்கள். பிள்ளைகளை முதன்முதலாகக் கடலுக்கு அழைத்துப் போகும்போது, கோபுரத்தை வைத்து இடம் குறிக்கும் பழைய வித்தையையும் இந்த நிறங்களையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள். இரண்டும் தெரிந்தவர்தான் முழுக் கடலோடி.