காற்றை அளந்து தரையிறங்குக!

(ஒடுகத்தூரில் மாணவர்க்கு ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தாமே வானூர்தி வகுத்துப் பறந்தவர் நம் தமிழ் மண்ணிலேயே உண்டு. சென்னை மவுண்ட் சாலையில் விடுதி நடத்திய கோர்சிகத் தீவினர் தி ஆஞ்செலிசு என்பார், ஈரடுக்குச் சிறகுடைய வானூர்தியொன்றைத் தாமே வகுத்தார். சிம்சன் தொழிற்சாலையார் அதைக் கட்டிக் கொடுத்தனர். 1910-இல் பல்லாவரத்தில் அது பறந்தது. வடித்தவர் துணிவு போற்றத்தக்கதே. ஆயினும் ஏறுவதற்குத் துணிவு போதும். இறங்குவதற்கோ அளவறிவும் வேண்டும்.

தமிழன் காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்தவன். வடக்கினின்று வருவது வாடை. தெற்கினின்று வருவது தென்றல். கிழக்கினின்று வருவது கொண்டல். மேற்கினின்று வருவது கோடை. கிழக்குமேற்காய்க் கிடக்கும் ஓடுபாதையில் கொண்டலும் கோடையும் எதிர்கொண்டு இறங்கத் துணை செய்யும். வாடையும் தென்றலுமோ விலாவில் மோதும். இதுவே குறுக்குக் காற்று. இது சிற்றூர்தியைப் பாதையினின்று ஒதுக்கித் தள்ளும். மூக்கைக் காற்றுப்பக்கம் திருப்பியவாறே தரை தொட்டால் உருளிகள் பக்கவாட்டில் இழுபட்டு ஊர்தி சுழன்று கவிழவும் கூடும். எனவே வானோடி காற்றுப்பக்கச் சிறகைத் தாழ்த்துவான். வாலிலுள்ள சுக்கானை எதிர்ப்பக்கம் மிதித்து மூக்கைப் பாதைக்கு நேராக்குவான். சுக்கான் முழுதும் திரும்பிய பின்னும் மூக்கு நேராகவில்லையெனில், அந்தக் காற்று அவ்வூர்திக்கு மிகுதி என்பது பொருள்.

அவ்வெல்லையை அறிவது எங்ஙனம்? முதலில் கணக்கு. காற்று மணிக்கு 20 கி.மீ. விரைவில் வீசுவதாகக் கொள்க. பாதைக்கு 30 பாகை சாய்ந்து வந்தால் குறுக்கே தள்ளும் கூறு 10 கி.மீ.; 60 பாகையானால் ஏறத்தாழ 17; 90 பாகையானால் முழு 20. காற்று ஒன்றே, இடரோ திசைக்கேற்ப வேறு.

அடுத்துச் சுக்கானின் ஆற்றல். அமைதியான காற்றில், போதிய உயரத்தில், இறங்கும் நிலையில் பொறியைத் தணித்து, சுக்கானை முழுதும் மிதித்துச் சிறகைச் சாய்த்து நேர்வழியே செல்க. மூக்கு நோக்கும் திசைக்கும் ஊர்தி செல்லும் திசைக்கும் இடையே எத்தனை பாகை என்று அளக்க. தரைதொடும் விரைவு 80 கி.மீ. ஆக, கோணம் 10 பாகையாயின், அது தாங்கும் குறுக்குக் காற்று ஏறத்தாழ 14 கி.மீ. மட்டுமே. 2017-இல் திருத்தப்படும் வரை அமெரிக்க நெறிமுறை, சிற்றூர்தி தான் தாங்கவல்ல குறுக்குக் காற்றை மெய்ப்பித்துக் காட்ட வேண்டும் என்றது. அது, இறங்கும் நிலையில் சிறகு தூக்காற்றலிழக்கும் விரைவில் ஐந்தில் ஒரு பங்கிற்குக் குறையலாகாது. அவ்விரைவு 70 கி.மீ. எனில் ஐந்தில் ஒன்று 14. நூலிழையில் நிறைவு! திடீரென வீசும் குத்துக்காற்றுக்கு மிச்சம் ஏது? எனவே வானோடி தனக்கென வகுக்கும் வரம்பு இதனினும் தாழ்ந்திருத்தல் வேண்டும்.

இறுதியிற்றான் மெய்த்தேர்வு.   முதல் நாள் மெல்லிய காற்றில், அகன்ற பாதையில் இறங்குக. ஒவ்வொரு நிலையிலும் சுக்கான் எவ்வளவு எஞ்சியது என்று ஏட்டில் குறிக்க. பின்னரே சற்று மிகுந்த காற்றை நாடுக. மெய்ப்பித்த அளவு என்பது முன்னர் நேர்ந்ததற்குச் சான்று மட்டுமே. அதற்கு மேல் இயலும் என்பதற்கு உறுதியன்று.

வள்ளுவர் வலியறிதல் என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். வினையின் வலி ஓடுபாதை. தன் வலி சுக்கான். எதிர்நிற்பார் வலி குறுக்குக் காற்று. மூன்றையும் எடைபோடாது இறங்குதல் துணிவாகாது.

சவ்வாது மலையடியில் பட்டம் விடும் சிறுவர்களே! உங்களுள் ஒருவன் நாளை வானூர்தி கட்டக் கூடும். கட்டுக! பறக்க! காற்று வரம்பு மீறிற்றாயின் இறங்காது திரும்பி, வேறு பாதை தேடவும் அஞ்சாதீர். திரும்பிச் சென்றவன் மறுநாளும் பறப்பான்.